‘இல்லை’யை அழுத்தச் சொன்னவள்

முற்பகல் 11.40. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு விரல். கோமதியின் வலக்கைச் சுட்டுவிரல். மடிக்கணினியின் மேல் அசையாமல் இருந்தது. திரையில் அம்புக்குறி ‘ஆம்’ என்ற கட்டத்துக்குள் நின்றது.

‘இல்லை’யை அழுத்தச் சொன்னவள் நான்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஓர் அழுத்தலால் ஒரு பெண்ணுக்கு ஐந்தாண்டுத் தடை விழுந்தது. அவளுடைய கணவர் அவளைப் பொய்க்காரி என்று நம்பினார். அவள் உண்மையை எழுதத்தான் வந்தாள் என்பது இரண்டே பேருக்குத் தெரியும். அவளுக்கும் எனக்கும்.

நான் வாய் திறக்கவில்லை.

நீங்கள் என்னை அறிவீர்கள். ஹைதராபாத் தமிழர்களுக்கான இந்த மாத இதழில், கல்யாணம் முடித்து, கணவனிடமோ மனைவியிடமோ வெளிநாடு போய்ச் சேரக் காத்திருப்பவர்களுக்குக் காகித வேலைகள் பற்றி யோசனை எழுதுகிறேன். எந்தப் படத்தை இணைப்பது, எந்தச் சான்றிதழை மொழிபெயர்ப்பது, நேர்காணலில் எப்படிப் பதில் சொல்வது என்று... உங்களில் சிலர் பக்கத்தைக் கிழித்துக் கோப்பில் செருகி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த மாதமும் யோசனைகளை எதிர்பார்த்துத்தான் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். அவை இதற்குள்ளும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நான் எங்கிருந்து கற்றேன் என்பதையும் இம்முறை சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பதினான்கு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். கணவருக்கு வேலை மாற்றலானதால் ஹைதராபாத் வந்து லோத்குண்டாவில் குடியேறினோம். விசாக் கோப்புகள் தயாரிக்கும் மாதாப்பூர் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஆலோசனை சொல்லும் உரிமம் எனக்குக் கிடையாது. விண்ணப்பதாரர்கள் எழுதிவரும் கடிதங்களின் ஆங்கிலத்தைத் திருத்துவது மட்டும்தான் என் வேலை. ஆனால் சனிக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் என்னைத் தேடி வந்தன. “நம்ம மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்கள். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? மிகவும் பிடித்திருந்தது.

அப்படி வந்தவர்தான் சுப்பையா. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஒரே மகள் கோமதி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மாதாப்பூரில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தாள். வீட்டில் பேசுவது தமிழ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

அவளுக்குக் கனடாவில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தம் ஆனியில். மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால் முடிவு வர ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்க நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி உங்களுக்குத் தெரியும். நீங்களே செய்திருக்கலாம். முன்கூட்டியே பதிவுத் திருமணம். சான்றிதழ் கையில் வந்ததும் விண்ணப்பம். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். தாலி கட்டும் நாளைத்தான் எல்லோரும் கல்யாணம் என்பார்கள். பதிவு வெறும் காகிதம்.

அதைப் பரிந்துரைத்து இந்தப் பத்தியிலேயே எழுதியவள் நான்.

மார்கழியில் பதிவு வைத்தோம். மார்கழியில் போய்க் கல்யாணமா என்று நான் கேட்டபோது கோமதியின் அம்மா சிரித்தார். “கல்யாணம்னாத்தான மேடம் மாசம் பாக்கணும்? இது சும்மா ஆபீஸுக்கு.”

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். அழைப்பிதழ், மாலையும் கழுத்துமாய் ஒரு படம், சாட்சிகள். நடக்காத கல்யாணத்துக்கு நான் கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்தேன். வாசகம் எழுதினேன். மெய்ப்புத் திருத்தினேன். பத்தே பத்து அட்டைகள் அச்சடித்தோம்.

படத்துக்கு ஒரு சிறிய அம்மன் கோயில். “தாலி மட்டும் வேண்டாம் மேடம், அது வெளையாட்டில்ல” என்றார் அம்மா. சரி என்றேன். மாலையைக் கழுத்துக்கு மேலே ஏற்றிவிடச் சொன்னேன். படத்தைக் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டேன். பதினான்கு ஆண்டுகள் படங்களை வெட்டிய கை. எங்கே வெட்டினால் எது மறையும் என்பது அதற்குத் தெரியும்.

மூன்று சாட்சிகளில் ஒருத்தியாகக் கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து நகல்களை அடுக்கும்போதுதான் பிழை கண்ணில் பட்டது. மாப்பிள்ளையின் பயணம் தள்ளிப்போயிருந்தது. அட்டை அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. அட்டையிலும் சான்றிதழிலும் உள்ள கல்யாண நாளுக்கு நான்கு நாள் கழித்துத்தான் அவனுடைய பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரை இருந்தது. அதாவது, தன் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை நாட்டிலேயே இல்லை.

பதிவு அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசியில், முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னான்: அங்கே அவனுக்கு வேறொரு பெண் இருக்கிறாள். அவன் தாக்கல் செய்திருந்த விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டான். சுப்பையா சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“காயிதந்தான மேடம்? கிழிச்சிப் போட்ருவோம்.”

கிழிக்க முடியாது, நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து வாங்க வேண்டும் என்று நான் விளக்கினேன். அவர் என்னையே பார்த்தார்.

“கல்யாணமே ஆவாத பிள்ளைக்கு டைவர்ஸா? என்ன மேடம் சொல்லுதீங்க?”

வெறும் காகிதம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்தக் காகிதத்தை ரத்து செய்ய எத்தனை காகிதம் வேண்டும் என்று கேளுங்கள். கோமதிக்கு ஒரு வருடம் காத்திருப்பும், ஒரு வழக்கறிஞரும், நான்கு முறை நீதிமன்றப் படியேற்றமும் தேவைப்பட்டன. கடைசியில் தீர்ப்பு வந்தது. சுப்பையா அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த தையில் கோமதிக்கு வரனாகப் பிரபு வந்தார். கோயம்புத்தூர்க் குடும்பம். கனடாவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. நிதானமானவர். பதிவு விவகாரத்தைப் பிரபுவிடம் சொல்லிவிடலாம் என்று கோமதி சொன்னாள். வீட்டில் கேட்கவில்லை. இம்முறை முதலில் முறைப்படி முகூர்த்தம், பிறகு பதிவு. பதிவுப் படிவத்தில் மணமகளின் முந்தைய நிலை என்ற இடத்தில் ‘திருமணமாகாதவர்’ என்று சுப்பையா எழுதினார். நான் அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பேனா? மாட்டேன்.

மூன்று வாரம் உடனிருந்துவிட்டுப் பிரபு திரும்பிப் போனார். கோமதியை அழைத்துக்கொள்ள இணையத்தில் கோப்பு திறந்தார். தன் பகுதியை அங்கே நிரப்பினார். அவள் தன் பகுதியை நிரப்ப ஒரு சனிக்கிழமை என் அலுவலகத்துக்கு வந்தாள்.

இப்போது 11.40க்குத் திரும்புகிறேன்.

கேள்வி இதுதான்: இதற்கு முன் உங்களுக்குத் திருமணம் ஆகியிருக்கிறதா?

“இது ‘எஸ்’தானே ஆன்ட்டி?” என்றாள் கோமதி. அவளே தொடர்ந்தாள். “டைவர்ஸ் ஆர்டர் ஃபோட்டோ ஃபோன்ல இருக்கு. அப்லோட் பண்ணிடலாம். இன்னைக்கே பிரபுகிட்டயும் நானே சொல்லிடறேன். திட்டினா திட்டட்டும்.”

நான்கு வாக்கியங்களில் எல்லாவற்றையும் அவள் தீர்த்து வைத்திருந்தாள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தலையசைப்பது.

“பதிவுப் படிவத்துல அப்பா என்ன எழுதியிருக்கார்?” என்று கேட்டேன்.

“அன்மேரிட்னு.”

“அப்போ இங்க மாத்திப் போட்டா? ரெண்டு காகிதம் ரெண்டு விதமாப் பேசும். உங்க அப்பாவையும் சேர்த்துத்தான் கேள்வி கேப்பாங்க.”

“நக்கோ ஆன்ட்டி, வேணாம்... பொய் எழுத பயமா இருக்கு எனக்கு.”

“அதெல்லாம் ஒரு கல்யாணமாடி? மார்கழியில யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் காத்திருந்தேன். அது வந்ததும் அடுத்ததைச் சொன்னேன்.

“பிரபு நல்லவர்தான். அவங்க அம்மா? போன்ல சொல்ற விஷயமா இது? நீ அங்க போய் இறங்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்கார வச்சு நிதானமாச் சொல்லு. இப்போ ‘நோ’ போடு.”

போட்டாள்.

அடுத்த கேள்வி, இதற்கு முன் இந்த நாட்டுக்கு வர விண்ணப்பித்ததுண்டா என்பது. அவள் என்னைப் பார்த்தாள். “அதுவும்தான்” என்றேன்.

பரிவோடு சொன்ன யோசனை மாதிரி இருக்கிறதல்லவா? அவளுடைய அப்பாவை நினைத்து, மாமியாரை நினைத்து, அவளுடைய வாழ்க்கையை நினைத்து... நானும் சில மாதங்கள் அப்படியே நம்ப முயன்றேன்.

காரணம் வேறு. ‘ஆம்’ என்றால் விவாகரத்துத் தீர்ப்பை இணைக்க வேண்டும். தீர்ப்பைப் பார்ப்பவர் முதல் கல்யாணச் சான்றிதழைக் கேட்கக்கூடும். சான்றிதழுக்குப் பின்னால் அழைப்பிதழ் இருக்கிறது, வெட்டிய படம் இருக்கிறது, மாப்பிள்ளை நாட்டில் இல்லாத நாளில் நடந்த கல்யாணம் இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. உரிமம் இல்லாமல் யோசனை சொல்பவள் என்பது வேறு. என் வேலை போகும். பத்தி போகும். ‘நம்ம மேடம்’ போகும்.

அவளுக்காகச் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னேன்.

மாட்டிக்கொள்வோம் என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்கிறீர்களா? அதற்கும் என் பழைய மேசைதான் காரணம். செய்தி மேசையில் ஒரு செய்தியை அச்சுக்குப் போகாமல் நிறுத்திவிட்டால் அது பிறக்கவே இல்லை. மறுநாள் அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். முதல் மாப்பிள்ளை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றான் என்றதும், நிறுத்திவிட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டேன். கோமதி அந்த விண்ணப்பத்துக்காக விரல் ரேகை கொடுத்திருந்தாளா என்று நான் கேட்கவில்லை.

கொடுத்திருந்தாள்.

இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெற்ற விண்ணப்பம் அழிவதில்லை. நீங்கள் யாரென்பதை உங்கள் ரேகையோடு சேர்த்து அது வைத்திருக்கிறது. பழைய விண்ணப்பம், பழைய மறுப்பு, பழைய கல்யாணம் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதியதால் விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான். மறைத்தால் விளக்கம் கேட்கமாட்டார்கள், முடிவே எடுத்துவிடுவார்கள். முடிந்துபோன ஒரு திருமணம் தவறல்ல. அதற்குத் தேவை ஒரு தீர்ப்பின் நகலும், அதன் மொழிபெயர்ப்பும், நான்கு வரி விளக்கமும். இன்றைக்கு எனக்குத் தெரிந்தவரை, எந்த அதிகாரியும் அந்த அழைப்பிதழைத் தேடிப் போயிருக்கமாட்டார். நான் பயந்ததற்கு அடிப்படையே இல்லை!

ஒன்பது மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முந்தைய திருமணத்தையும் விண்ணப்பத்தையும் ஏன் மறைத்தீர்கள், முப்பது நாளுக்குள் விளக்கம் தருக. அதை முதலில் படித்தவர் பிரபு. தன் மனைவிக்கு ஏற்கனவே கல்யாணமாகி விவாகரத்தானது என்பதை ஓர் அரசாங்கக் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் அவர் தெரிந்துகொண்டார்.

கோமதி மறுநாள் மதியம் என் அலுவலகத்துக்கு வந்தாள். கழுத்தில் அவளுடைய அலுவலக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேலையின் நடுவே எழுந்து வந்திருந்தாள்.

“முதல் கல்யாணம் பரவால்லங்கறார் ஆன்ட்டி. அது புரியுதாம். வேணும்னே பொய் எழுதினியா, அதை மட்டும் சொல்லுங்கறார்.”

“நீ என்ன சொன்னே?”

“இருக்கறதைச் சொன்னேன். ‘எஸ்’ போட இருந்தேன், ஆன்ட்டிதான் வேணாம்னாங்கன்னு. இப்போ பழியைத் தூக்கி வேற ஆள்மேல போடறியாங்கறார்.” மேசையில் இருந்த என் தொலைபேசியைக் காட்டினாள். “உங்களுக்குக் கால் பண்ணுவார். நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. வேற எதுவும் வேணாம் எனக்கு. விசா வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்.”

“சொல்றேன்” என்றேன்.

மறுநாள் காலை 8.20. அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் விட்டிருந்தது. அவருக்கு அங்கே இரவு.

“ஆன்ட்டி, பிரபு பேசறனுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறன், தப்பா எடுத்துக்காதீங்க. கோமதி ‘எஸ்’ போடத்தான் இருந்தாளாம். நீங்கதான் ‘நோ’ போடச் சொன்னீங்களாம். அப்படிங்களா?”

“படிவத்தை அவங்கதான் நிரப்பினாங்க தம்பி. நான் ஆங்கிலம் மட்டும்தான் பார்ப்பேன்.”

“அது சரிங்க. நீங்க சொன்னீங்களா இல்லீங்களான்னுதான்...”

“அப்படிச் சொல்றது என் வழக்கமில்லை.”

இந்த இரண்டு பதில்களையும் நிதானமாகப் பாருங்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நிரப்பியது அவள்தான். வழக்கமும் எனக்கு இல்லைதான். அவள் ஒருத்தியிடம் மட்டுமே அப்படிச் சொல்லியிருக்கிறேன். வழக்கு வராதபடி வாக்கியம் அமைக்கப் பதினான்கு ஆண்டுகள் பயிற்சி பெற்றவள் நான். அந்தப் பயிற்சி முழுவதும் அந்த நிமிடத்துக்காகவே நடந்ததுபோல...

பிறகு அவர் சொன்னார்:

“சரிங்க ஆன்ட்டி. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. உங்க பத்தியெல்லாம் அத்தை போன்ல அனுப்புவாங்க, படிச்சிருக்கனுங்க. நீங்க அப்படிச் சொல்ற ஆளில்லைன்னு தெரியும். காலங்காத்தால தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்க.”

மன்னிப்புக் கேட்டவர் அவர். நான் “பரவாயில்லை தம்பி” என்றேன்.

அப்போது மறுபடி அழைத்திருக்கலாம். எண் திரையிலேயே இருந்தது. மூன்றாவது விசில் வந்தது. அடுப்பை அணைத்தேன். அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

விளக்கக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். கோமதி எழுதுவது போல, ‘நான்’ என்று தொடங்கி. அறியாமை, குடும்பச் சூழல், சமூகத்தில் பெயர் கெடும் என்ற அச்சம்... எல்லாம் இருந்தது. யோசனை சொன்னவள் ஒருத்தி இருந்தாள் என்ற வரி இல்லை. கோமதி முழுவதும் படித்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பின்புறத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

“பிரபுகிட்ட என்ன சொன்னீங்கன்னு சொன்னார் ஆன்ட்டி” என்றாள்.

நான் பேனாவை நீட்டினேன். கையெழுத்திட்டாள்.

கூச்சலிட்டிருந்தால் எனக்கு ஒரு தப்பிக்கும் வழி கிடைத்திருக்கும். பதிலுக்குக் கோபித்துக்கொண்டிருப்பேன். அவள் கூச்சலிடவில்லை.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. உண்மையை மறைத்ததற்காக ஐந்தாண்டுத் தடை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மறுப்பு வந்த மறுமாதம் இந்த இதழில் ஒரு பத்தி எழுதினேன். ‘முந்தைய திருமணத்தை மறைக்காதீர்கள்’ என்பது தலைப்பு. உங்களில் பலர் பாராட்டி எழுதினீர்கள். அதில் ஒரு பெண் வருவாள். தெலுங்குப் பெண், ஆஸ்திரேலியா மாப்பிள்ளை என்று மாற்றியிருந்தேன். கணவனிடமும் அரசாங்கத்திடமும் உண்மையை மறைத்து, மாட்டிக்கொண்ட பிறகு பழியை அடுத்தவர் மேல் போட்டவள் என்று எழுதியிருந்தேன். ‘இப்படிப்பட்ட பெண்களால் உண்மையான தம்பதிகளும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள்’ என்று முடித்திருந்தேன்.

ஏன் எழுதினேன்? பத்திக்கு அந்த மாதம் விஷயம் இல்லை. அது ஒரு காரணம். அச்சில் வந்துவிட்டால் அதுவே நடந்ததாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னொன்று. எனக்கு வேறெந்தக் கடவுளும் அந்த அளவுக்கு உதவியதில்லை.

சுப்பையா அந்தப் பத்தியை வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். அவரே என்னிடம் வந்து சொன்னார். “நம்ம பிள்ளைக்கு மொதல்லயே இத எழுதியிருந்தீங்கன்னா நாங்க உசாராயிருப்போம்லா மேடம். கோமதி கேட்டுட்டு உள்ள எந்திரிச்சுப் போயிட்டா.”

அவருக்குத் தெரியாது. கோமதி அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அப்பாவின் நம்பிக்கையைக் காப்பாற்றவா? என்னைக் காப்பாற்றவா? இல்லை, கணவனே நம்பாததை அப்பாவிடம் மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றா? கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

சுப்பையா இன்றும் எனக்கு ஆள் அனுப்புகிறார். போன மாதம்கூடத் தொழிற்சாலையில் உடன் வேலை பார்ப்பவரின் மகளையும் மருமகனையும் கூட்டிவந்தார். “எங்க மேடம் இருக்காங்க, கவலப்படாதீங்க” என்று என் முன்னாலேயே அவர்களிடம் சொன்னார்.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் சரியான யோசனைகளைத்தான் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். படிவத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே நேரத்தில் நிரப்புங்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒருவருக்குத் தெரியாத எதையும் மற்றவர் காகிதத்தில் வைக்காதீர்கள். அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். யாராவது யோசனை சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். வாயால் மட்டும் சொல்கிறேன் என்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கோமதியிடம் என் யோசனை எழுத்தில் இல்லை. அதனால்தான் நான் இன்னும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு மாதாப்பூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மின்தூக்கியில் அவளைச் சந்தித்தேன். என்னோடு ஆறு பேர் இருந்தார்கள். அவள் நான்காவது மாடியில் ஏறினாள். தப்பிக்க இடமில்லை. “நல்லா இருக்கியாம்மா?” என்றேன்.

“ஹவ் ஆன்ட்டி, நல்லா இருக்கேன். நீங்க?”

“இருக்கேன்.”

“இந்த மாசம் என்ன எழுதறீங்க?”

கேலியா, வழக்கமான விசாரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துச் செய்தி சொல்பவள் என்று மேசையில் எனக்கொரு பெயர் இருந்தது. அந்த முகத்தில் எனக்குப் படிக்க எதுவும் கிடைக்கவில்லை. தரைத்தளம் வந்தது. மற்றவர்களுக்கு வழிவிட்டுக் கடைசியாக இறங்கிப் போனாள்.

இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

இதனால் அவளுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. பிரபு இந்த இதழின் வாசகர் அல்லர். இப்போது இதை அவருக்கு அனுப்பிவைக்கும் உறவில் கோமதியின் அம்மாவும் இல்லை. அவர் எண் என் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எனக்குப் பழக்கமானவர்கள். பாராட்டிக் கடிதம் எழுதுபவர்கள். நேர்மையான எழுத்து என்று இதற்கும் எழுதுவீர்கள்... தயவுசெய்து எழுதாதீர்கள்.

போன திங்கட்கிழமை குடும்ப நீதிமன்றத்துக்குப் போனேன். சுப்பையா துணைக்குக் கூப்பிட்டிருந்தார். “இங்க நமக்குன்னு வேற யாரு மேடம் இருக்கா?” பிரபு ஒரு வார விடுப்பில் வந்திருந்தார், ஒரு மாமாவோடு. என்னைக் கண்டதும் எழுந்து, தன் நாற்காலியைக் கொடுத்தார்.

“நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?”

வழக்கு எண்ணைக் கூப்பிட நாற்பது நிமிடம் ஆனது. கோமதி எதிர்ச்சுவர் ஓரமாக அப்பாவின் பக்கத்தில் நின்றாள். பிரபு எனக்கு ஒரு கை தூரத்தில், தூணில் சாய்ந்து நின்றார். இடையில் ஒருமுறை எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை நான் மனத்துக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றாவது நன்றாகவே வந்திருந்தது.

எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள். விவாகரத்து மனுவில் கருத்து வேறுபாடு என்று காரணம் எழுதியிருந்தது. இருவரும் கையெழுத்திட்டார்கள்.

கோமதியின் தடை முடிய இன்னும் மூன்று ஆண்டு ஏழு மாதம் இருக்கிறது.